கான்டனுக்குப் போன கருப்பட்டி

என் மகள் ஜினி துபாய் அல் கூஸில் ஒரு தச்சுப் பட்டறை நடத்துகிறாள். பட்டறை என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ‘எக்ஸிபிஷன் ஸ்டுடியோ’ என்று சொல்ல வேண்டும். தகரக் கூரையும் நாலு தச்சர்களும் அரேபியப் பாலைவனத்தையே மூடிவிடக்கூடிய அளவு மரத்தூளும் உள்ள ஸ்டுடியோ. கண்காட்சிகளுக்கு வேண்டிய அரங்குகளைச் செய்து கொடுப்பது தொழில். நான் பஹ்ரைன் துறைமுகத்தில், வருகிற கப்பலுக்கெல்லாம் அரிசி முதல் நங்கூரக் கயிறு வரை சப்ளை செய்த கடையில் காலம் தள்ளி, ஓய்வுபெற்று, மகளோடு வந்து ஒட்டிக்கொண்டவன். எனக்குப் பட்டறையில் ஒரு வேலையும் கிடையாது. அதனால் எல்லா வேலையிலும் தலையிட நேரம் இருந்தது.

இந்தத் தடவை வந்த வேலை ட்ரம்வெல் தேயிலைக் கம்பெனியுடையது. ஜார்ஜ் ட்ரம்வெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருநூறு வருடங்களுக்கு முன்னால் சீனத்துக் கான்டன் துறைமுகத்தில் வியாபாரம் செய்து பெரிய ஆளானவர். அவருடைய படத்தை லண்டனிலிருந்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கிருதா விரிந்திருந்த விரிப்பைப் பார்த்தால், காற்றடிக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினாலே மனிதர் கப்பல் இல்லாமல் சீனா போய்ச் சேர்ந்திருப்பார் என்று தோன்றும். க்ரீக் கடற்கழி ஓரத்து ஓட்டல் ஒன்றின் கூடத்தில் அவர் புகழ் பாட வேண்டும். பாய்மரக் கப்பலின் முன்பாதி, கான்டன் சரக்குக் கிட்டங்கியின் வாசல், தேயிலைப் பெட்டிகள்.

ஜினி எதையும் முழுசாகப் படிக்காமல் ஆணி அடிக்க மாட்டாள். ஒரு வாரம் படித்துவிட்டு வந்து என் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

“அப்பா, இந்த ஆள் டீயை எதைக் குடுத்து வாங்கினார் தெரியுமா?”

“காசு குடுத்துத்தான்.”

“ஓபியம் குடுத்துப்பா.”

கதை இதுதான். லண்டன்காரருக்குத் தேநீர் இல்லாமல் பொழுது விடியாது. சீனாக்காரருக்கோ லண்டனிலிருந்து வேண்டியது வெள்ளி தவிர வேறொன்றுமில்லை. இங்கிலாந்து ராஜாவின் சாப்பாட்டுக் கரண்டிவரை உருகிக் கான்டனுக்குப் போய்விடும் போலிருந்தது. அப்போதுதான் நம் பாட்னாப் பக்கத்துக் கசகசாச் செடி கைகொடுத்தது. அதன் காயைக் கீறி எடுத்த பாலை உருண்டை பிடித்து, அதே செடியின் இதழைச் சுற்றி, கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர்கள் ட்ரம்வெல் மாதிரித் தனி வியாபாரிகள். கம்பெனியின் சொந்தக் கப்பலில் குன்றிமணி அளவு அபின்கூட ஏறாது. அது மரியாதைப்பட்ட கப்பல். வியாபாரிகளின் கப்பல்கள் சரக்கைக் கொண்டுபோய்த் துறைமுகத்துக்கு வெளியே, தீவோரம் நங்கூரமிட்டு நிற்கும் வேறு கப்பல்களில் இறக்கிவிடும். அங்கிருந்து இரவோடு இரவாகப் படகுக்காரர்கள் கடத்துவார்கள். கிடைத்த வெள்ளி நேரே கம்பெனிக் கஜானாவுக்கு வரும். அந்த வெள்ளியில் தேயிலை வாங்கப்படும். இந்தச் சங்கிலியில் யாரைப் பிடித்துக் கேட்டாலும், தனக்கொன்றும் தெரியாது, தான் தேயிலைக்காரன் என்பார்.

ஜினி இதை ஒரு சுவர் முழுக்க எழுதிப் படம் போட்டுத் திட்டம் தயாரித்தாள். சுவருக்கு முன்னால் ஒரு அபின் பெட்டி. லண்டனில் இருந்த ஒரு சின்னப் பெண் அதிகாரி, உண்மையைச் சொல்லுவதுதான் இப்போது ட்ரம்வெல் கம்பெனிக்கு மரியாதை என்று சம்மதம் கொடுத்துவிட்டாள். துபாய்க் கிளை மேனேஜர் ஃபாரூக்குக்குத்தான் வயிறு எரிந்தது. ஃபாரூக் சென்னைப் பையன். அவன் பூசும் அத்தர் ஷார்ஜா வரைக்கும் வீசும்.

“ஜினி, டீ விக்கிற இடத்துல எதுக்குப்பா இந்தக் கண்ராவி” என்றான்.

“டீ மட்டும் சொன்னா அது அட்வர்டைஸ்மென்ட், ஃபாரூக். இதையும் சொன்னாதான் ஹிஸ்டரி.”

அவன் சிரித்துக்கொண்டே போனான். சிரித்துக்கொண்டே போகிறவனை நான் நம்புவதில்லை. பஹ்ரைனில் அப்படிப்பட்ட கப்பல் கேப்டன்களை நூறு பேர் பார்த்திருக்கிறேன், சரி, பத்துப் பேர்.

பெட்டி செய்யும் வேலை யேசுதாசனுக்கு வந்தது. குளச்சல்காரன். கடலோரத்தில் பிறந்து கடலுக்குப் போகாமல் உளி பிடித்தவன். மனைவி லீமா இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். மூன்று மாதக் கைக்குழந்தை. பழைய படங்களில் இருந்தபடியே மாமரப் பலகையில் கட்டம் கட்டமாகப் பெட்டியைச் செய்துவிட்டான். ஒரு கட்டத்துக்கு ஒரு உருண்டை, அடித்தட்டு ஒன்று, மேல்தட்டு ஒன்று. அடித்தட்டில் என்ன இருக்கிறது என்று எவன் பார்க்கப் போகிறான், அங்கே தெர்மோகோல். மேல்தட்டு உருண்டைகள்தான் அமையவில்லை. தெர்மோகோலுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தால், பள்ளிக்கூடப் பையன்கள் தொலைத்த பந்துகள் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு பையோடு வந்தான்.

“அண்ணாச்சி, சிரட்டைக் கருப்பட்டி ரெண்டெண்ணத்த முகத்தோட முகம் ஒட்டினா என்ன கிட்டும்?”

“சுகர் கிட்டும்டே.”

“ஓபியம் கிட்டும். பாருங்க.”

பார்த்தேன். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி எடுத்த அரைவட்டக் கருப்பட்டி இரண்டைப் பாகு வைத்து ஒட்டியிருந்தான். அதன்மேல், ரோட்டோரம் உதிர்ந்து கிடந்த வாதாம் இலைகளைப் பொறுக்கிப் பசை தடவி ஒட்டி, மேலே மங்கலாக வார்னிஷ். ட்ரம்வெல்லே எழுந்து வந்தால் அதை எடுத்து மோந்து பார்த்து விலை பேசியிருப்பார். ஜினி பேச்சு வராமல் நின்றாள். எங்கள் வம்சத்தில் பேச்சு வராமல் நின்ற முதல் ஆள் அவள்தான்.

பெட்டி ஓட்டல் கூடத்துக்குப் போய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தது. ஓட்டலின் செக்யூரிட்டி தலைவர் முஆத், சூடான்காரர், ஒட்டகம் மாதிரி உயரம். அவர் பெட்டிக்கு முன்னால் எழுதியிருந்த ‘ஓபியம்’ என்ற சொல்லைப் பார்த்தார், உருண்டைகளைப் பார்த்தார், வெறும் மரத்தூளும் பசையும்தான் என்று நான் அளந்ததைக் கேட்டார், கூண்டுக்குச் சீல் வைத்தார். இந்த நாட்டில் அந்தச் சொல்லை எழுதி வைத்துவிட்டுப் பொம்மை என்றால் போதாது. நாளைக் காலையில் லேபிலிருந்து ஆள் வந்து ஏதாவது ஒரு உருண்டையை எடுத்துப் பார்ப்பார், அதற்கப்புறம்தான் திறப்பு விழா என்று சொல்லிவிட்டார். சொன்ன விதத்தில் தப்பே இல்லை.

நாங்கள் சிரித்தோம். லேப்காரர் சுக்குக் காபி போட்டுக் குடிக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

அன்று மத்தியானம் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் வந்து பார்க்கலாம் என்று ஜினி ஏற்பாடு செய்திருந்தாள். லீமா டூட்டி முடிந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கப்பலைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் வந்ததும், புருஷன் பெருமையாக விளக்கம் சொல்லச் சொல்ல, அவள் முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

“இஞ்ச பாருங்க. இது எந்தக் கருப்பட்டி?”

“நம்ம வீட்டுல உள்ளதுதான்.”

“வெள்ளச் சாக்குல உள்ளதா, பிஸ்கட் டின்னுல உள்ளதா?”

“சாக்குல உள்ளது எண்ணத்துக்குக் காணல்ல. டின்னுல இருந்தும் கொஞ்சம் எடுத்தேன். ஏன், உனக்குத் திங்கதுக்கு இல்லியா?”

லீமா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

அவள் பிரசவத்துக்கு அவள் அம்மை ஊரிலிருந்து வந்திருந்தார். வரும்போது பேறுகால மருந்து என்று ஒரு டின் கொண்டுவந்தார். கருப்பட்டியை உருக்கி, சுக்கும் மிளகும் இன்னும் என்னென்னவோ அரைத்துச் சேர்த்து, திரும்பவும் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தது. பார்த்தால் சாதாரணக் கருப்பட்டி. அந்த ‘என்னென்னவோ’ என்ன என்பதுதான் லீமாவுக்கு இப்போது தெரிய வேண்டும். ஊருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“எம்மா, அந்த மருந்துக் கருப்பட்டியில கசகசா உண்டா?”

“உண்டு மக்களே. ஒரு பிடி அரைச்சுப் போட்டேன். பிள்ள பெத்த உடம்பு, நல்ல உறக்கம் கிட்டாண்டாமா?”

“கொண்டுவராதீங்கன்னு நூறு மட்டம் செல்லியிருந்தேனே.”

“கசகசாவாட்டு கொண்டுவராதேன்னுதான் நீ சென்ன. நான் கருப்பட்டியாட்டுல்லா கொண்டுவந்தேன்.”

“எம்மா, இங்க அதுக்கு ஜெயிலு.”

“கோழிக்கறிக்கு அரைக்கியதுக்கு எவனாவது ஜெயில்ல போடுவானா? போடி.”

போன் வைக்கப்பட்டது. வளைகுடாவில் கால் வைக்கிற தமிழனுக்கு விமானத்திலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம் இது: ஊறுகாய் கொண்டு வா, கருவாடு கொண்டு வா, மாமியாரைக்கூடக் கொண்டு வா, கசகசாவை மட்டும் கொண்டு வராதே. அதே செடியின் விதை. சட்டத்துக்கு முன்னால் அது மசாலா இல்லை. ஏர்போர்ட்டில் ஒரு பொட்டலத்தோடு மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்தவர்களின் கதை எல்லா ரூமிலும் உண்டு. இங்கே அது அபின் என்று எழுதி வைத்த பெட்டிக்குள், அபின் உருவத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. செய்தவன் யேசுதாசன்.

“எந்த உருண்டைன்னு தெரியுமாடே?” என்று கேட்டேன்.

“இலை ஒட்டினப் பொறவு எப்படித் தெரியும் அண்ணாச்சி.” அவன் கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து பார்த்தான். “லேப்காரன் நல்லதுல ஒண்ண எடுத்தா தப்பிச்சோம்.”

“மத்ததுல எடுத்தா?” என்றாள் லீமா.

கூடத்தில் ஏ.சி. போட்டிருந்த போட்டுக்குப் பென்குயின் வந்து குடித்தனம் நடத்தலாம்; யேசுதாசனின் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. அவன் மெதுவாகச் சொன்னான், “நானே போய் முஆத் சாருகிட்ட செல்லிருதேன். தெரியாம செய்ததுன்னு.”

“செல்லுங்க. செல்லிட்டுப் போங்க. நானும் பிள்ளையும் எங்க வந்து பாக்கணும்னும் செல்லிட்டுப் போங்க” என்றாள் லீமா.

ஜினியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். அவள் கேட்டுவிட்டுக் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தபடியே நின்றாள். கூண்டைத் திறக்க வேண்டுமானால் முஆத்திடம் காரணம் சொல்ல வேண்டும். உண்மையான காரணத்தைச் சொன்னால் அவர் போலீஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அது அவர் வேலை.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம். முஆத்திடம் போய், கூண்டுக்குள் எறும்பு ஏறிவிட்டது என்றேன். எறும்பென்றால் சாதாரண எறும்பில்லை, குதிரைப்படை. இன்றைக்கே திறந்து துடைக்காவிட்டால் நாளைக்கு ஓட்டலின் அஸ்திவாரம் இருக்காது என்று உருதுவும் அரபியும் இங்கிலீஷும் கலந்து சொன்னேன். அவர் டார்ச் எடுத்துக்கொண்டு வந்து நாலு பக்கமும் குனிந்து பார்த்தார். ஒரு எறும்பு இல்லை. அவர் வைத்த சீல் அப்படி.

“எறும்பு வரும் என்றால் உள்ளே இருப்பது தின்கிற பொருளா?” என்று கேட்டார். “மரத்தூளும் பசையும் என்றல்லவா சொன்னீர்கள்?”

நான் குனிந்து, இல்லாத எறும்பைத் தேடினேன். அவர் போனை எடுத்துப் பேசினார். லேப்காரர் நாளைக் காலை வரவேண்டாம், இன்றைக்கே, ஆறு மணிக்குள் வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜினி என்னைப் பார்த்த பார்வையில் நான் அரையடி குட்டையானேன். இன்னும் முழுசாக வளரவில்லை.

முஆத் சொல்லித்தான் ஃபாரூக் வந்தான் போலிருக்கிறது. அவனுக்கு முன்னால் அத்தர் வந்தது. தரையில் உட்கார்ந்திருந்த லீமாவையும், சுவரோடு சாய்ந்திருந்த யேசுதாசனையும், என் தோளில் அழுதுகொண்டிருந்த பிள்ளையையும் பார்த்தான். புத்திசாலி. ஜினி வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

“சொல்லாதே.”

“ஃபாரூக், உள்ள இருக்கிறது...”

“சொல்லாதேன்னேன்ல. சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா நான் வேற ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும். எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் டீ விக்கிறவன்.”

சுவரில் ஜார்ஜ் ட்ரம்வெல் கிருதாவோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிளையன்ட் கடைசி நேரத்துல டிசைனை மாத்துறது உலகத்துல நடக்காத விஷயமா?” என்றான் ஃபாரூக். “எனக்கு இந்த ஓபியம் செக்ஷன் வேண்டாம். இப்பவே எடுத்துடுங்க. உருண்டை எல்லாம் உங்க குப்பை, உங்க வண்டியில ஏத்திட்டுப் போங்க. எழுத்தும் இல்ல, உருண்டையும் இல்லன்னா முஆத்துக்கு லேப் எதுக்கு? நான் பேசிக்கிறேன்.”

யேசுதாசன் நிமிர்ந்தான். ஜினி நிமிரவில்லை.

“பெட்டியை மட்டும் எடுக்கிறேன். சுவர் இருக்கட்டும்.”

“சுவரும்தான்.”

“லண்டன்ல அப்ரூவ் பண்ணினது அது.”

“அதனாலதான் லண்டனுக்கு நீ மெயில் போடணும். நான் இல்ல. இந்தப் பகுதி சரியா வரலை, நானே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்னு. ஸ்டுடியோ டெசிஷன்.”

“நான் அப்படி முடிவு பண்ணலையே.”

“அப்ப லேப்காரர் வரட்டும்” என்றான் ஃபாரூக். மிரட்டுகிற குரலே இல்லை. மழை வருமா என்று கேட்கிற குரல். “அங்கிள், நீங்களாவது சொல்லுங்க. யாரையாவது நான் கஷ்டப்படுத்துறேனா?”

நான் என்ன சொல்ல. கெட்டவன் என்று திட்டுவதற்குக்கூட அவன் இடம் வைக்கவில்லை. கை நீட்டுகிறான், காப்பாற்றுகிறான், கையில் ஒரு அழுக்கும் ஒட்டவில்லை.

“மேடம், வேண்டாம்” என்றான் யேசுதாசன். “நீங்க எழுதின சுவரு. ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதினது. நான் போய்ச் செல்லிக்கிடுதேன். என்ன ஆனாலும் நான் செய்தது.”

“சும்மா இருங்க, யேசுதாசன்.”

“இல்ல மேடம், அது சரியில்லாத காரியமாக்கும்.”

“சும்மா இருங்கன்னு சொன்னேன்.” போனை எடுத்தாள். நின்றபடியே அடித்தாள், அழித்தாள், அடித்தாள். ஃபாரூக் பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவு நாகரிகம். அனுப்பியதும் அவனுடைய போன் மெல்லக் கூவியது. அவனுக்கும் ஒரு நகல். படித்துவிட்டுத் தலையாட்டி, முஆத்தைத் தேடிப் போனான்.

சீல் உடைந்தது. முஆத் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் என்னை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். உருண்டைகளைச் சாக்கில் போட்டு அல் கூஸுக்குக் கொண்டுபோனோம். பட்டறையின் பின்பக்கம் லீமா வென்னீர் காயவைத்து, ஒவ்வொன்றாக உடைத்துக் கரைத்து ஊற்றினாள். அம்மை மகளுக்காகச் செய்தது, ஊரில் அடுப்படியில் மூன்று நாள் நின்று செய்தது, சாக்கடையில் போயிற்று. யேசுதாசன் உதவிக்குப் போனான். “தொடாண்டாம்” என்றாள். அவன் விலகி நின்றான். கருப்பட்டி வாசனை அந்தப் பேட்டை முழுக்கப் பரவி, பக்கத்து ஒர்க்‌ஷாப் பாகிஸ்தானிகள் எல்லாம் வந்து என்ன ஹல்வா, எங்களுக்கு இல்லையா என்று கேட்டார்கள். வேறு நாளாக இருந்திருந்தால் நான் நூறு கதை விட்டிருப்பேன்.

ஆட்கள் திரும்பிப் போய் ஜினியின் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். அதன்மேல் ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை ஒன்றின் பெரிய படம் வந்தது. பெட்டி மட்டும் இருக்கட்டும், வேலைப்பாடு அழகாயிருக்கிறது என்று ஃபாரூக் சொல்லிவிட்டான். ‘தேயிலைப் பெட்டி, கான்டன்’ என்று புதிதாக எழுதி வைத்தார்கள்.

திறப்பு விழாவுக்குத் துபாயில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். சரி, இருநூறு பேர். டிராகன் மார்ட் என்ற சீனக் கடைத்தொகுதியில் பீங்கான் கடை வைத்திருக்கும் ஒரு சீனத்து அம்மாளும் வந்திருந்தார். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் பெட்டிக்கு முன்னால் நின்றார். கூண்டு இல்லை இப்போது. குனிந்து, மூடிய கைமுட்டியை ஒரு கட்டத்துக்குள் இறக்கிப் பார்த்தார். நன்றாகப் பொருந்தியது.

பக்கத்தில் பட்டறைச் சட்டையோடு நின்ற யேசுதாசனிடம் இங்கிலீஷில் கேட்டார். “தேயிலையை இப்படிக் குழி குழியாகவா வைத்தார்கள்?”

யேசுதாசன் என்னைப் பார்த்தான். இரண்டடி தள்ளி ஃபாரூக் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். அவன் பேச்சு நின்றது.

பஹ்ரைன் துறைமுகத்தில் ஒரு திமிங்கிலம் எங்கள் கடைப் படகை வெங்காய மூட்டையோடு விழுங்கிவிட்டு மறுநாள் வெங்காயத்தை மட்டும் திருப்பித் தந்தது என்று ஒரு முழு மாலைநேரம் சாதித்தவன் நான். வாயைத் திறந்தேன்.

“சாம்பிள்” என்றேன். “சாம்பிள் வைக்க.”

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். கையை வெளியே எடுத்தார். “அப்படியா” என்று சொல்லிவிட்டு, தட்டு நிறையத் தேநீர்க் கோப்பைகளோடு நின்ற பணியாளைத் தாண்டி, ஒன்றையும் எடுக்காமல், வாசல் பக்கம் போனார். ஃபாரூக்கின் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஜினி எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“வேற என்ன சொல்லச் சொல்லுற” என்றேன்.

“நான் ஒண்ணும் சொல்லலையே. இவ்ளோ சின்னதா நீங்க பொய் சொல்லி நான் கேட்டதில்ல. அவ்ளோதான்.”

“மேடம்” என்றான் யேசுதாசன். “அந்த அம்மா இன்னும் கார்ப்பார்க்குக்குப் போயிருக்காது. நான் ஓடிப்போய் ஒரு வார்த்தை...”

“லீமா உங்ககிட்ட பேசினாளா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

“அப்ப முதல்ல வீட்டுக்குப் போங்க. பிள்ளையைத் தூக்குங்க. போங்க.”

அவன் தயங்கித் தயங்கி, சமையல்கட்டுப் பக்கத்து வேலைக்காரர் கதவு வழியாகப் போனான். ஜினி கதவு அசைவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபாரூக் கையசைத்துக் கூப்பிட, வெள்ளை அடித்த சுவருக்கு முன்னால் போட்டோவுக்கு நிற்கப் போனாள்.